ஞானபாயின் கையும் தேக்கிலையும்

குளச்சலில் பிறந்த பிரேமா திருவனந்தபுரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். எலும்புகளைப் பார்த்து வியக்கும் வழக்கம் அவளிடமிருந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது. "மூச்சப் பிடிங்க, விடுங்க" என்பதோடு சரி.

அவள் கணவன் அஜினுக்கு விழிஞ்ஞம் துறைமுக வேலையில் மணிக்கட்டு முறிந்து குணமானது. அந்த எக்ஸ்ரே பிலிம் வீட்டில் சும்மா கிடந்தது. ஒரு கோடையில், கொல்லையில் வாடிய சேம்புச் செடிக்கு நிழலாகட்டுமே என்று அதை ஓர் இலைமேல் வைத்துத் துணி கிளிப் மாட்டினாள். சில நாள் கழித்து எடுத்தபோது பச்சை இலைக்குள் ஐந்து வெளிறிய விரல்கள் விரிந்திருந்தன.

"அஜினே, ஓடி வாங்க!"

அவன் வந்து பார்த்துவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பிலிமின் கறுப்பு வெயிலை மறைத்திருந்தது. எலும்பிருந்த தெளிந்த இடத்தில் மட்டும் வெயில் இறங்கிப் பச்சையை உறிஞ்சியிருந்தது. காரணம் புரிந்த பிறகும் பிரேமாவுக்கு மயிர்க்கூச்செறிவது நிற்கவில்லை.

மாடியில் குடியிருந்த மலையாளி ஸ்ரீகுமார் புகைப்படக் கண்காட்சிகள் வைப்பவர். "கேமராவே வேண்டாம், வெயிலும் இலையும் போதும்னு செய்யுற ஆளுகள் உண்டு கேட்டோ. நீங்களும் செய்யணும்" என்றார்.

செய்தாள். செம்பருத்தி இலை கறுத்தது, வாழையிலை கிழிந்தது, மழை வந்த வாரம் எல்லாம் அழுகியது. நாளாக நாளாக இலையைத் தடவியதுமே எது படம் பிடிக்கும் என்று விரலுக்குத் தெரிந்தது. எப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

பக்கத்து வீட்டு மீன்காரி ஞானபாய் மூட்டுவலிக்கு எடுத்த தன் கை எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து நீட்டினாள். "எனக்க கையையும் இலையில போடு பிள்ளே."

பிலிமை உறையிலிருந்து எடுத்துக்கூடப் பார்க்காமல் பிரேமா தெருமுனைத் தேக்கின் கீழ் நின்றாள். நல்ல இலைகள் நிறைய இருந்தும் கை தானாக ஒரு கோணல் இலைக்குப் போனது. பிலிமையும் இலையையும் கண்ணாடிக்கு அடியில் அமுக்கி மொட்டைமாடியில் வைத்தாள்.

கண்ணாடியைத் தூக்கியபோது ஞானபாயும் கூட இருந்தாள். அவளுக்குச் சின்ன வயதில் முறிந்து கோணலாக ஒட்டிய முன்கை எலும்பு வெளிறித் தெரிந்தது. இலையின் நடுநரம்பு அந்த முறிவு வரை நேராக வந்து, அதே இடத்தில் வளைந்து, எலும்போடு சேர்ந்தே போனது.

"பாத்துத்தான் பறிச்சியா பிள்ளே?"

"இல்லக்கா. கர்த்தர் சத்தியமா எனக்குத் தெரியாது."

ஞானபாய் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று பிரேமா கேட்கவில்லை.

ஸ்ரீகுமார் வைத்த கண்காட்சியில் அந்த இலைமுன் கூட்டம் நகராமல் நின்றது. ஒரு வயதான பெண்மணி மட்டும் கிட்டே வந்து, "இது மங்கிப்போகுமோ, மோளே?" என்று கேட்டாள்.

"மங்கும்மா. மெதுவா."

மறுநாள் வேலையில் ஒரு சிறுமியின் முழங்கையைத் தட்டில் நேராக்கி வைத்த பிரேமா, திரையில் எழுந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.