பள்ளம் என்று ஒரு சத்தம்

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் பால் பாக்கெட்டோடு கம்மனஹள்ளி மெயின் ரோட்டைத் தாண்டுவதற்காக நின்றிருந்தேன். ஏழெட்டு சைக்கிள்காரர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லாம் கியர் வைத்த சைக்கிள், தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டின பளபளா சட்டை. முன்னால் போனவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு விரலால் ரோட்டைக் காட்டினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே காட்டினார். கடைசி ஆள் வரைக்கும் அந்த விரல் போனது. பார்த்தால், ரோட்டில் ஒரு பள்ளம். மொத்த வரிசையும் அதைச் சுற்றி வளைந்து போய்விட்டது.

என்னை அறியாமல் "பள்ளம்!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் பதறிப்போய்த் தன் காலடியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நல்ல பார்வை இல்லை அது. வீட்டுக்கு வந்து காபி போட்டேன். குடிக்கத் தோன்றவில்லை. ஆறி, ஆடை கட்டிக் கிடந்தது.

நாங்களும் அப்படி வரிசையாகப் போனவர்கள்தான். உடற்பயிற்சிக்காக இல்லை, வேலைக்கு. நான் அப்போது பிரேசர் டவுனில் இருந்தேன். ஃபேக்டரி பீன்யாவில். காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் எட்டு மணி சங்குக்குள் போய்விடலாம், செயின் கழலாமல் இருந்தால், பஞ்சர் ஆகாமல் இருந்தால், பஸ் டிரைவருக்கு நம்மைப் பிடித்திருந்தால். அந்த பஸ்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. நம்மை ஓரம் கட்டி ஓரம் கட்டிச் சாக்கடைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் நம் முன்னாலேயே போய் நிற்பான். பேண்ட்டுக்குக் கிளிப் போட மறந்தால் சங்கிலி கவ்வும். யஷ்வந்த்பூர் மார்க்கெட் பக்கம் அழுகின வெங்காய நாற்றம், அதைத் தாண்டினதும் சோப்பு ஃபேக்டரியின் சந்தன வாசனை. எதிர்க்காற்றில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு போவதால் இரண்டையும் தின்றுகொண்டுதான் போவோம். இன்றைக்கும் எங்காவது சந்தன சோப்பு வாசனை வந்தால் எனக்குத் தொடை வலிக்கிற மாதிரி இருக்கும். சிரிக்காதீர்கள், உண்மைதான்.

மூன்று பேர் நாங்கள். என்னோடு ஞானராஜ். அவன் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். அவர்கள் வீட்டு வாசலில் நான் மணி அடித்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவான். மேக்ரி சர்க்கிளில் சிவண்ணா வந்து சேர்ந்துகொள்வான். முன்னால் போகிறவன் ரோட்டில் இருப்பதைச் சொல்ல வேண்டும், கடைசியில் வருகிறவன் பின்னால் வருவதைச் சொல்ல வேண்டும். "மண்ணு!", "நாய்!", "பஸ்ஸு!" என்று ஒரே சொல். பள்ளத்துக்கு சிவண்ணாவின் கன்னடத்தில் குண்டி என்று பெயர். அதை நடுரோட்டில் கத்தினால் ஜெயமஹால் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் செருப்பைக் கழற்றுவார்கள் என்பதால் "பள்ளம்" என்றே வைத்துக்கொண்டோம். சிவண்ணாவும் அதற்குச் சம்மதித்தான்.

முன்னால் போவது எப்போதும் நான்தான். எனக்கு அப்போது கண் அவ்வளவு நன்றாக இருக்கும். ஞானராஜ் சோடா புட்டி கண்ணாடிக்காரன். மழை வந்தால் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து ஒன்றும் தெரியாது என்று கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவான். அப்புறம் அவனுக்குத் தெரிவது என் பின்சக்கரத்து மட்கார்டும் என் சத்தமும் மட்டும்தான். "உன் வாய்தான்டா எனக்குக் கண்ணு" என்று அவனே சொல்லியிருக்கிறான். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மறந்ததில்லை.

அவன் பாடுவான். சர்ச் பாடகர் குழுவில் அவன் குரலுக்காகவே ஜனங்கள் சீக்கிரம் வந்து முன்வரிசையில் உட்காருவார்கள் என்று அவன் மனைவி எஸ்தர் பெருமையடிப்பாள். நான் கோயிலுக்கே ஒழுங்காகப் போகாத ஆள், ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு அவன் பாட்டைக் கேட்பதற்காக சர்ச்சில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறேன். சைக்கிள் மிதித்துக்கொண்டே பாடுவான். மேட்டில் ஏறும்போது கூட மூச்சு இரைக்காது அவனுக்கு. எனக்கு இறக்கத்திலேயே இரைக்கும்.

இப்போது நாய் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் தள்ளிப் போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

கொரகுண்டேபாளையா பக்கம் ஒரு டீக்கடை, அதன் வாசலில் நாலு நாய். சைக்கிளைக் கண்டால் அவற்றுக்கு ஆகாது. எனக்கு நாய் என்றால் உயிர் போய்விடும். ஒரு நாள் நாலும் சேர்ந்து துரத்தினபோது நான் இரண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பார் மேல் வைத்துக்கொண்டு, "முருகா முருகா" என்று கத்திக்கொண்டே, மிதிக்காமல் உருண்டு போயிருக்கிறேன். மிதிக்காவிட்டால் சைக்கிள் நிற்கும், நின்றால் நாய் கடிக்கும் என்கிற சின்ன விஷயம் கூட அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை. ஞானராஜ் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

அன்று மத்தியானம் கேண்டீனில் அதைப் பாட்டாகவே கட்டிப் பாடினான். கீர்த்தனை மெட்டில், கையைக் காலைத் தூக்கி நடித்துக்கொண்டு. "காலைத் தூக்கினான், கடவுளைக் கூப்பிட்டான், நாலு நாய்க்கும் நல்ல வேளை வந்ததே" என்று போகும். நூறு பேர் தட்டைத் தட்டித் தாளம் போட்டார்கள். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மானம் கப்பலேறிவிட்டது. ஒரு வாரம் நான் எந்த மெஷின் பக்கம் போனாலும் யாராவது அந்த மெட்டை முனகுவார்கள். ஃபோர்மேன் கூட முனகினார், பாருங்கள்.

சிரித்துத் தொலைத்திருக்கலாம். இன்றைக்கு நினைத்தால் நல்ல பாட்டு அது. ஆனால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் "என்னடா, கோவமா?" என்று இரண்டு தரம் கேட்டான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பேச்சு இல்லை. இருந்தாலும் சேர்ந்துதான் போனோம். தனியாகப் போனால் லாரிக்காரன் மதிக்க மாட்டான். முன்னால் நான். பின்னால் அவன். ரோட்டில் இருப்பதை மட்டும் சொல்வேன், வேண்டா வெறுப்பாக.

நாலாவது நாள் காலையில் மழை. ஜெயமஹால் ரோட்டில் முந்தின நாள் சாயந்திரம் பைப்புக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வீடு திரும்பும்போது நான் பார்த்தேன். அன்றைக்கு ஞானராஜுக்கு ஓவர்டைம், இருட்டிவிட்டதால் விளக்கு இருக்கிற வேறு ரோட்டில் வீட்டுக்குப் போயிருந்தான். காலையில் அந்த இடம் முழுக்கத் தண்ணீர். மண்ணையும் காணோம், பள்ளத்தையும் காணோம். எனக்கு மட்டும் தெரியும் அது எங்கே இருக்கிறது என்று.

வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

விழுந்து சாகட்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. முழங்கால் வரை நனையட்டும், சேறும் சகதியுமாகக் கேண்டீனுக்கு வரட்டும், இன்றைக்கு நான் பாடுகிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரு வரி கூட யோசித்துவிட்டேன். ஹேண்டிலை மெதுவாக வலது பக்கம் திருப்பி ஒதுங்கினேன். அவன் என் மட்கார்டைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தால் அவனும் திரும்பியிருப்பான். ஆனால் அவன் என் சத்தத்தை நம்பி வந்துகொண்டிருந்தான்.

இரும்பு மோதுகிற சத்தம் முதலில். அப்புறம் ஒரு லாரி பிரேக் போடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். லாரி அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. சைக்கிள் பள்ளத்துக்குள், அவன் அந்தப் பக்கம் கல்குவியல் மேல். வாயெல்லாம் ரத்தம். தூக்கி உட்கார வைத்தேன். வலது தோள் கீழே தொங்கியது.

அவன் கேட்ட முதல் கேள்வி இது. "கத்துனியாடா நீ? எனக்குக் கேக்கவே இல்லியே."

"கத்துனேன்டா" என்றேன்.

சொல்லாமல் விட்டது கோபம். இது என்ன? பச்சைப் பொய். ரத்தம் வழிகிற வாயோடு கேட்கிறவனிடம் பொய்.

காறை எலும்பு முறிவு, முன்பல் இரண்டு போயிற்று, முகவாயில் தையல். ஆஸ்பத்திரியில் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க கூட இருந்தீங்களேண்ணே, அதுவே போதும். இல்லாட்டி லாரி ஏறியிருக்கும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அன்று மாலை மேக்ரி சர்க்கிளில் சிவண்ணாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் என்னை நேராகப் பார்த்து, "நிஜவாக்லூ கூகித்யா?" என்றான். நிஜமாகவே கத்தினாயா என்று. "ஹௌதப்பா" என்றேன், ஆமாம் என்று. மறுநாளிலிருந்து அவன்தான் முன்னால் போனான். என்னைப் பின்னால் வரச் சொன்னான்.

ஆறு வாரம் கழித்து ஞானராஜ் வேலைக்கு வந்தான். பல் கட்டியிருந்தான், பாட்டு கெடவில்லை. நானும் அப்பாடா என்று இருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னான்: "காது போச்சுடா எனக்கு. நீ அவ்ளோ கிட்டக்க இருந்து கத்துனது கேக்கலியே. பவர் பிரஸ் பக்கத்துல பதினோரு வருஷம் நின்னா போகாதா?" டிஸ்பென்சரியில் காட்டினானாம். டாக்டர், கொஞ்சம் மந்தம்தான், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கிற அளவுதான் என்றாராம். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

"அதுக்கென்னடா, மழை சத்தத்துல யாருக்குமே கேக்காது" என்றேன். உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"மழையில கேக்கலன்னா பரவால்ல. பாடுறப்ப சுருதி கேக்கலன்னா? என் ஒருத்தனால மத்தவங்க பாட்டும் கெட்டுடும்."

பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொண்டான். அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டு அவனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். குழுத் தலைவர் வீட்டுக்கே வந்து கெஞ்சியிருக்கிறார். "என் காதை நானே நம்ப முடியலீங்க" என்று அனுப்பிவிட்டான். சைக்கிளில் பாடுவதும் நின்றது. ஒருமுறை எஸ்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல கூட வாயத் தெறக்கிறதில்லண்ணே. நீங்க சொன்னா கேப்பாரு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று வைத்திருந்தேன். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், ரிடையர்மெண்ட் என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. முப்பது வருஷமும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவன் வீட்டில் காபி குடித்திருக்கிறேன். எவ்வளவு தடித்த தோல் பாருங்கள் எனக்கு.

அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும், அது எனக்குத் தெரியும். முன் அறையில் உட்கார்ந்துகொண்டே, "எஸ்தர், பால் பொங்குது பாரு" என்பான். அடுப்படியில் நிற்கிற அவளுக்கே அப்போதுதான் தெரியும். அவர்கள் தெருவை மூன்று வருஷமாக எதற்காவது தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். நான் கிளம்பும்போது கேட் வரை வந்து, நான் நாலடி வைத்ததும் பழைய குரலில் கத்துவான்: "பள்ளம்டா! லெஃப்டுல!" நான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்கிப் போவேன். எங்கள் சைக்கிள் காலத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

சைக்கிள் வரிசையைப் பார்த்த அந்த ஞாயிறு, ஆறிப்போன காபியைக் கீழே ஊற்றிவிட்டு, அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்புகிற நேரம் பார்த்துப் போனேன். எஸ்தர் காபி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஞானம், அன்னிக்கு ஜெயமஹால்ல நான் கத்தலடா."

"என்னது?"

"பள்ளம்னு கத்தவே இல்ல. அங்க பள்ளம் இருக்குன்னு தெரியும். நான் மட்டும் ஒதுங்கிட்டேன். கத்துனேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றினான். வேட்டி நுனியால் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"அந்த நாய் பாட்டுக்காகவா?"

"ஆமாடா."

"அப்ப என் காது?"

"உன் காதுக்கு ஒண்ணுமில்லடா. அன்னிக்கும் இல்ல."

அடிப்பான், வெளியே போடா என்பான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான். "அறுவத்தஞ்சு வயசுல வந்து சொல்றியே. இனிமே நான் பாடுனா இருமல்தான்டா வரும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காபியைக் குடித்தேன். கிளம்பினேன். வழக்கம்போல் கேட் வரை வந்தான். தெருவில் கேபிளுக்காகத் தோண்டியிருந்தார்கள். மெதுவாக நடந்தேன். நாலடி, ஐந்தடி. பின்னால் சத்தமே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு நடந்ததில் இடது கால் நேராகக் குழிக்குள் போய்விட்டது. செருப்பு சேற்றோடு போயிற்று. திரும்பினேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தான். நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.

அதற்கப்புறமும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன். அந்த டீக்கடை இருந்த இடத்தில் மேம்பாலத் தூண் நிற்கிறது. எங்கள் ஃபேக்டரி சைக்கிள் ஸ்டாண்டில் இப்போது கார் நிறுத்துகிறார்களாம். சிவண்ணா போன வருஷம் போய்ச் சேர்ந்தான், என்னிடம் அந்தக் கேள்வியை மறுபடி கேட்காமலே. ஞானராஜ் வீட்டில் காபி வருகிறது, பேச்சும் வருகிறது, மழை, மெட்ரோ, முழங்கால் வலி என்று. கிளம்பும்போது கேட் வரை அவன் வருகிறான். நான் நாலடி வைத்ததும் நின்று பார்க்கிறேன். அந்தச் சத்தம் மட்டும் வருவதில்லை.