உங்கள் இஷ்டம்... மழை வரும் வரை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் காப்பித் தோட்டம் அழிந்தது. ஒரு முறை அல்ல, மூன்று முறை!

துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். எனக்கேது தோட்டம்? எல்லாம் கம்ப்யூட்டருக்குள் நடந்தது.

ஏற்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அருளப்பன் ஒரு எஸ்டேட் ரைட்டர். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, தோட்டத்தைக் கண்காணிப்பவர். அவர் மகள் கிறிஸ்டி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவள். சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறாள். பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு அது பிடித்துப்போனால் வேலை நிச்சயமாம். அனுப்புவதற்கு முன் விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும். குறை சொல்ல என்னை விட்டால் யார்?

கேமில் நீங்கள் ஒரு காப்பி விவசாயி. மேலிருந்து பார்த்தால் எறும்பு அளவு தெரிவீர்கள். சுற்றிலும் நம் சேர்வராயன் மலை.

"எங்க வேணும்னாலும் போலாமுங்க அங்கிள். என்ன வேணும்னாலும் பண்ணலாமுங்க. உங்க இஷ்டம்" என்றாள் கிறிஸ்டி.

விடுவேனா? தலைச்சோலை போனேன். செம்மநத்தத்தில் பலாப்பழம் பேரம் பேசினேன். ஏரியில் படகு விட்டேன். அடிவாரம் வரை இறங்கி டீ குடித்தேன். அப்போது பார்த்து மழை... மழை விழுந்தால் காப்பி பூக்கும். பூத்துவிட்டது! பூத்திருக்கும்போது செடிகளுக்குள் ஆளோ மாடோ நுழைந்து கிளையை உலுக்கக் கூடாது. பூ கொட்டினால் காய் இல்லை. எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு இது. நான் மூச்சு வாங்க மேலே ஏறி வருவதற்குள் மாடுகள் புகுந்து துவம்சம் செய்துவிட்டன. ஆட்டம் முடிந்தது. அடுத்த இரண்டு முறையும் இதே கதைதான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எங்க வேணும்னாலும் போன்னு சொல்றே. போனா தண்டனை. இது என்ன கண்ணு சுதந்திரம்? அந்த மழையத் தூக்கிடு!"

"என் ஃப்ரெண்டும் அதையேதானுங்க சொல்றா. மழை இருந்தா பெங்களூர்ல வேலை கெடைக்காதுன்னு பயமுறுத்தறா" என்று நகத்தைக் கடித்தாள். "ஆனா மழைய எடுத்துட்டா, என்ன பண்ணினாலும் ஒண்ணும் ஆகாதுங்களே... அப்புறம் எதுக்குங்க வெளையாடறது?"

அதுவும் சரிதான். என் குழப்பம் இங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்து அருளப்பனை உட்கார வைத்தாள். மனிதர் தோட்டத்து வேலியோரம் போய் நின்றார். நின்றார்... நின்றுகொண்டே இருந்தார்.

"அப்பா, ஊரைச் சுத்திப் பாருங்கப்பா!"

"மழை வந்துட்டா?"

மழை வந்தது. பூ வந்தது. மாடுகளை விரட்டினார். அமோக விளைச்சல். ஜெயித்துவிட்டார் – வேலியை விட்டு ஓர் அடி நகராமல்!

நான் எல்லாவற்றையும் பார்த்துத் தோற்றேன். அவர் ஒன்றையும் பார்க்காமல் ஜெயித்தார். இதில் ஒழுங்காக விளையாடியது யார்? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

சும்மா இருக்கக் கூடாதா நான்? "ஏனுங்க ரைட்டர், வெளையாட்டுல கூடவா எஸ்டேட்ட விட்டு நகர மாட்டீங்க?" என்று கிண்டலடித்தேன்.

கிறிஸ்டி சிரிக்கவில்லை.

"நெஜத்துலயும் நகர மாட்டாருங்க அங்கிள். என் பட்டமளிப்பு விழாவுக்கு வரலீங்க. அன்னிக்குத் தோட்டத்துல பூ. எல்லார் ஊட்டுலயும் அப்பா அம்மா வந்திருந்தாங்க... எனக்கு நொம்ப நாளாக் கோபம். அதான் இதுல மழைய வெச்சேன். பூவக் காக்கறது, வெளிய போறது ரெண்டையும் பண்ண யாருக்காவது வழி தெரியுதான்னு பார்க்கறதுக்கு. யாராலயும் முடியலீங்க."

அருளப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்த மழைய எடுத்துடு கண்ணு" என்றார். "இதுலயாச்சும் நான் உன் காலேஜுக்கு வந்துட்டுப் போறேன்."

மழையை எடு, எடு என்று கத்தியவன் நான். இப்போது "எடுக்காதே" என்று சொல்லத் துடித்தேன். ஏன்? மழையே இல்லையென்றால் அவர் வராமல் நின்றதற்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடுமே! சரி, மழை இருக்கட்டும் என்றால்... அந்தப் பெண் விளையாட்டில்கூட அப்பாவைத் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டுமா?

கிறிஸ்டி கீபோர்டை இழுத்துத் தட்ட ஆரம்பித்தாள். இருட்டுவதற்குள் கேமில் ஒரு புது பஸ் வந்துவிட்டது. கோயம்புத்தூர் காலேஜுக்குப் போகிற பஸ். வேறு எங்கே போனாலும் மழை தன் பாட்டுக்கு வரும். மகளைப் பார்க்க இந்த பஸ்ஸில் போனால் மட்டும், ஆள் திரும்பும்வரை மழை காத்திருக்கும்.

இப்படியும் ஒரு மழை உண்டா? இது ஏமாற்று வேலை அல்லவா? வேலை கொடுக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? என்ன ஆனாலும் இப்படியேதான் அனுப்பப் போகிறாளாம்.

அருளப்பன் மறுபடி உட்கார்ந்தார். வேலியோரம் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு பஸ் ஏறினார். காலேஜில் இறங்கினார். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர், பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அங்க மழை வந்துடுச்சா கண்ணு?"