என் தம்பியின் எபிரேயம்

என் தம்பிக்கு எபிரேயம் தெரியும். வேறு யாரும் சொல்லவில்லை, அவனே சொன்னான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், ராத்திரி வேளையில் ஆன்லைனில் ஏதோ ஒரு வகுப்பில் சேர்ந்தான். எழுத்துகளை வலமிருந்து இடமாகக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை. சனி, ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது, சாப்பாட்டுக்கு முன்னால் நான் ஜெபம் பண்ணி ஆமென் சொன்னால், அதற்கு வேர்ச்சொல் என்ன தெரியுமா அக்கா என்பான். ரசம் ஆறிப்போகும்.

தங்கச் சுரங்கத்து ஊரான கோரமண்டலில் எங்கள் சபை சின்னது. ஆயருக்கு இன்னும் இரண்டு சபைகள் உண்டு என்பதால் பாதி ஞாயிறு அவர் இருக்க மாட்டார். பேச ஆள் கிடைத்தால் போதும் என்று கமிட்டிக்காரர்கள் இவனைப் பிடித்துப் போட்டார்கள். அவன் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு பேசினான். அந்தச் சொல் 'ஷமா'.

"எபிரேயத்தில் ஷமா என்றால் கேட்பது. ஆனால் வெறுமனே காதால் கேட்பதல்ல, கேட்டதற்குக் கீழ்ப்படிவதும் அதே சொல்தான். இந்த ஆழம் வேறு எந்த மொழியிலும் கிடையாது" என்றான். திரையில் படம் எல்லாம் போட்டான். கமிட்டிக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தமிழிலேயே பிறந்து தமிழிலேயே திட்டு வாங்கி வளர்ந்த அத்தனை பேருக்கும் அவன் காது குத்திக்கொண்டிருந்தான், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏண்டா, சொன்னா கேளுடா, சொன்னா கேளுடான்னு அம்மா உன் முதுகுல வெச்சாங்களே, அது இன்னா பாஷை?"

"அக்கா, அது வேற. இது ஒரிஜினல்" என்றான்.

ஒரிஜினலாம். அவனுக்கு ஏன் இந்தச் சொல் மேல் இவ்வளவு ஆசை வந்தது என்று எனக்குத் தெரியும். காரணம் எங்கள் அப்பா. அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவை பெங்களூருக்குக் கொண்டுபோய்த் தன் ஃபிளாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் முடிவு செய்திருந்தான். நான் முடியாது என்றிருந்தேன். தான் சொல்வதை அக்கா கேட்பதில்லை என்பதற்குத்தான் இந்த மூன்று ஞாயிறு பிரசங்கமும்.

நைனா சுரங்கத்தில் டிரில் மெஷின் பிடித்தவர். பாறையில் துளை போடும் அந்த மெஷின் வலது தோளோரம் இருந்து அலறும். சுரங்கம் மூடுவதற்கு வெகுகாலம் முன்பே அவருடைய வலது காது போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தோளில் கை வைத்து, அவர் முகத்தைத் திருப்பி, காதருகே நிதானமாகச் சொன்னால் விழும். மற்றபடி யார் எது சொன்னாலும் தலையாட்டுவார். கீழே சுரங்கத்து லெவலில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது, தொப்பி விளக்கை மேலும் கீழும் ஆட்டினால் சரி என்று அர்த்தம். விளக்கு போய் எத்தனையோ வருடமாகிறது, தலை மட்டும் இன்னும் ஆடுகிறது. மரியாதையாக, நிதானமாக, எதிராளி திருப்தியாகிற வரைக்கும் ஆட்டுவார். எங்கள் லைன் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும்.

தம்பி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவள். ஒருநாள் நைனா பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். பாத்திரம் தீய்ந்து வீடு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து கேஸை மூடினாள். அன்றிலிருந்து தம்பிக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஆனால் அவன் ஃபிளாட்டில் மட்டும் யார் இருக்கிறார்கள்? அவனும் அவன் மனைவியும் காலையில் பூட்டிக்கொண்டு போனால் ராத்திரிதான் வருவார்கள். பன்னிரண்டாவது மாடியில் இந்த மனிதர் யாரோடு உட்கார்ந்திருப்பார்?

"கேமரா வெச்சிருக்கேன் அக்கா. ஆபீஸ்லருந்தே பாத்துக்குவேன்" என்றான்.

பெற்ற தகப்பனைக் கேமராவில் பார்த்துக்கொள்கிறவன் எங்களுக்குக் கீழ்ப்படிதல் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டான்.

இரண்டாம் ஞாயிறு இன்னும் மோசம். கீழ்ப்படிதல் பலியைவிட மேலானது, அங்கேயும் இதே சொல்தான் என்று ஆரம்பித்து, "வயதானவர்களும் பிள்ளைகளுக்குச் செவிகொடுக்க வேண்டிய காலம் ஒன்று வரும்" என்று முடித்தான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தான். பத்துக் கட்டளையில் பெற்றோரைப் பற்றி எழுதியிருப்பதை அப்படியே தலைகீழாகப் புரட்டிப்போட்டுவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். என்ன தைரியம்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவனுக்கு இருக்கிற இன்டர்நெட் எனக்கும் இருக்கிறது. ரயிலில் போக வர உட்கார்ந்து அந்த ஷமாவைத் தேடினேன். அவன் விட்டுவிட்ட இடங்கள்தான் எனக்கு ருசித்தன. அடிமைகளாகச் செங்கல் அறுத்தவர்களின் முனகலைக் கடவுள் கேட்டார், அதே சொல். பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் அழுத பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார், அதே சொல். பெண்சாதி சொல்வதைக் கேள் என்று நம் முற்பிதாவுக்கே உத்தரவு போட்டார், அங்கேயும் அதே சொல்தான். அண்ணன்மார் விற்றுப்போட்ட தம்பி பிற்காலத்தில் பெரிய அதிகாரியாக உட்கார்ந்திருந்தபோது, அவனுக்குத் தங்கள் பாஷை புரியாது என்று நினைத்து அவன் எதிரிலேயே அவர்கள் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவனுக்குப் புரிந்தது. 'புரிந்தது' என்பதற்கும் அங்கே இந்தச் சொல்லையே போட்டிருக்கிறது.

இதையெல்லாம் தம்பியிடம் வரிசையாகச் சொன்னேன். "மேல இருக்கறவரு கீழ இருக்கறவனைக் கேட்டதுதான் நெறைய வருது. உன் படத்துல அதுல ஒண்ணையும் காணோமே" என்றேன்.

"டைம் பத்தலக்கா" என்றான்.

மூன்றாம் ஞாயிறு காலையில் கோயில் வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே நைனாவின் கட்டிலுக்கு இடம் ஒழித்து வைத்திருந்தது. சபை முன்னால் வைத்தே முடித்துவிடப் போகிறான் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு நான் வாய் திறந்தால் அடங்காதவள் என்று நான்கு பேர் பேசுவார்கள். எபிரேயம் படித்தவன் மூளையை இதற்கா செலவு பண்ண வேண்டும்?

பேச்சை முடித்துவிட்டு நைனாவைக் கைத்தாங்கலாக முன்னால் அழைத்துப்போனான். வீட்டில் நீ, வா, போ என்கிறவனுக்கு மைக்கைப் பிடித்ததும் மரியாதை பொங்கியது. அவருடைய வலது பக்கம் நின்றுகொண்டு, சபையைப் பார்த்தபடி, "நைனா, இனிமே எங்களோட பெங்களூர்ல வந்து இருக்கீங்களா?" என்று கேட்டான்.

நைனா தலையாட்டினார்.

கமிட்டிக்காரர்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். யாரோ கைதட்டினார்கள். தம்பி கண்களை மூடி நன்றி ஜெபத்துக்குத் தயாரானான். எழுந்தேன். அவன் கேட்ட அதே குரலில், அதே இனிப்போடு கேட்டேன்.

"நைனா, உன் பையனை ஷாஃப்ட் குழில தள்ளிடலாமா?"

நைனா அதற்கும் தலையாட்டினார். மரியாதையாக, நிதானமாக.

கோயிலே சிரித்தது. ஸ்தோத்திரம் சொன்னவர்களும் சிரித்தார்கள். தம்பியின் முகம் கருத்துவிட்டது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து நைனாவும் சிரித்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதை என்னால் பார்க்க முடியவில்லை. போய் அவர் தோளில் கை வைத்தேன். முகத்தைத் திருப்பி, இடது காதருகே நிதானமாகச் சொன்னேன்.

"நைனா, அவன் உன்ன பெங்களூருக்கே இட்டுனு போறேன்றான். வெளில வேன் நிக்குது. நீ போறியா, இங்கயே கீறியா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். வேன் தெரிந்தது. தம்பியைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. டிரில் மெஷினுக்கு மேல் பேசிப் பழகிய குரல் அவருடையது, மைக் வேண்டியதில்லை.

"இங்கயே கீறேன்" என்றார்.

தம்பி மைக்கைக் கீழே வைத்தான். முதல் தடவையாகச் சுற்றி வந்து இடது பக்கம் நின்றான். "ஏன் நைனா? அங்க உனுக்கு இன்னா கொறச்சல்?"

நைனா முன் பெஞ்சைக் காட்டினார். அவரோடு ஷிப்டுக்கு இறங்கின கிழவர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து, நடப்பது ஒன்றும் விளங்காமல் எல்லோரும் எங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க எல்லாரும் செவுடன்டா. எவன் வந்தாலும் கத்திதான் பேசுவான். அங்க வந்தா நான் ஒருத்தன்தான் செவுடன்."

தம்பி வேன்காரரைத் திருப்பி அனுப்ப வெளியே போனான்.