கதவு திறந்த உச்சி

அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஆயுசு முழுக்க உயரத்தை வைத்தே பிழைத்தவர், உயரத்திலிருந்து எதையும் பார்த்ததில்லை. அவர் கண்டதெல்லாம் கம்பிவடமும் கிரீஸ் அப்பிய சுவரும்தான். பழுது நீங்கிய லிஃப்ட் மாடியில் வந்து நின்றதும் செருப்பைக் கழற்றுவார். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் சேருமிடத்தில் வெறுங்காலைத் தேய்ப்பார். தடுக்காவிட்டால், "லெவல்" என்பார். அதைச் சொல்லாமல் கருவிப்பையை மூடமாட்டார்.

நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்த அந்தக் குளிர்காலத்தில், ஊருக்கு வெளியே இருந்த குன்றின் உச்சிக்குப் போகவேண்டும் என்றார். 'அடுத்த வருஷம் போலாம்ப்பா' என்று சொல்ல வாயெடுத்த மகள், சொல்லாமல் விழுங்கினாள். அடுத்த வருஷம் அவருக்கு இல்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும்.

குன்றேறும் வழியெல்லாம் ஒரே மூடுபனி. முன்னால் போகும் அம்மாவின் சிவப்பு ஸ்வெட்டர்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. நாலு எட்டுக்கு ஒருமுறை அப்பா நின்றார்.

"என்னங்க, நடுவுல மாட்டிக்கிச்சா? பெல் அடிச்சு ஆளக் கூப்பிடவா?" என்றாள் அம்மா.

"ஓவர்லோடு. கல்யாணத்தன்னிக்கு நீ ஏறுன, அப்பலேருந்து இப்படித்தான்."

ஓரிடத்தில் பாதை சமமானது. அப்பா செருப்பைக் கழற்றிப் பாறையில் காலைத் தேய்த்தார்.

"லெவல். வந்தாச்சு."

சுற்றிலும் வெள்ளை. உச்சி இன்னும் மேலே என்றது மகளின் கையிலிருந்த ஃபோன். சொல்லாதே என்று அம்மா கண்ணைக் காட்டினாள். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி. இப்படியே இறங்கிவிடலாம். ஆனால் ஒன்றும் பார்க்காமலே இறங்கிவிடுவார்.

"இது உச்சி இல்லப்பா. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறோம்."

அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும் கையை நீட்டினார். "கரண்டு போனா மெஷின் ரூம் சக்கரத்தக் கையாலதான் சுத்தி லிஃப்ட ஏத்தணும். புடி."

மகள் இழுத்தாள், அம்மா பின்னாலிருந்து முதுகைத் தாங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறினார்கள்.

முதலில் தலைகள் வெயிலுக்குள் வந்தன. பிறகு தோள்கள். பனி முழுதும் காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஊரையே காணோம். கண்ணுக்கெட்டிய மட்டும் அசையாத வெண்மை. அதற்கு மேலே, உயரமான கட்டடங்களின் உச்சியிலுள்ள லிஃப்ட் மெஷின் ரூம்கள் மட்டும் குட்டித் தீவுகளாக நின்றன. ஜன்னலே இல்லாத அறைகள். அவர் வாழ்நாள் அவற்றுக்குள்தான் கழிந்திருந்தது.

"எல்லாம் நம்முளுது" என்றார், சத்தமே வராமல்.

அம்மா அவர் காலைப் பார்த்தாள். "லெவலா?"

அவர் காதில் விழவில்லை. வாய் பிளந்தபடி நின்றார். மூச்சிரைப்பைக்கூட மறந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து அம்மா மெதுவாக, "எறங்கலாமாங்க?" என்றாள்.

"இரு," என்றார் அப்பா. "இப்பதான் கதவே தெறந்திருக்கு."