மாமாவின் பெர்மிட்

அக்காவுக்கு நிச்சயமான மறுவாரமே தாண்டிக்குடியிலிருந்து சம்பந்தியின் கடிதம் வந்தது. மாப்பிள்ளை அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் உத்தியோகம். நகையும் சீரும் வேண்டாம் என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தவர், கடைசி வரியில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். வரவேற்புக்கு எஸ்டேட் துரைமார் வருவார்கள். அவர்களுக்குக் குடிக்கப் பெண் வீட்டார் பார் வைக்க வேண்டும். பையனின் உத்தியோக உயர்வு அவர்கள் கையில் இருக்கிறது.

அப்போது மதராஸ் ராஜ்யம் முழுவதும் மதுவிலக்கு. எங்கள் வீட்டிலோ இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். அப்பா இறந்ததிலிருந்து எங்களைக் காப்பாற்றி வந்தவர் அம்மாவின் அண்ணன். செண்பகனூரில் தையல் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் காணிக்கைப் பை ஏந்தி வருபவரும் அவர்தான்.

மாமா நாலு பேரை விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தார். குடியை விட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், சர்க்கார் அந்த ஆளுக்கு ஒரு வருஷத்துக்குப் பெர்மிட் தரும். அதைக் காட்டி மாதம் ஒரு பாட்டில் வாங்கலாம். கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருந்தது.

தனியாகப் போகக் கூச்சப்பட்டோ என்னவோ, டாக்டரிடம் என்னையும் கூட்டிப் போனார். எனக்கு ஒன்பது வயது.

"எத்தனை வருசமாப் பழக்கம்?" என்றார் டாக்டர்.

மாமா கூரையைப் பார்த்தார். "ஒரு பத்து வருசம் இருக்குமுங்க."

"காலையில எந்திரிச்சதும் கை நடுங்குமா?"

"நடுங்குமுங்க."

அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. 'மாமா குடிக்கவே மாட்டாரு' என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமா என் விரல்களை நெரித்தார். வெளியே வந்ததும், "ஆத்தா, இதை யார்ட்டயாச்சும் சொன்னே, மாமாவைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுருவாங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாமாவும் நானும் கொடைக்கானலுக்கு நடந்தே போவோம். பஸ்ஸில் வந்தால் பாட்டில் சத்தம் காட்டிவிடும் என்று அவருக்குப் பயம். திரும்பும்போது ரெக்ஸின் பையில் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்து, மேலே முட்டைக்கோசை அடுக்கிக்கொள்வார். பின்னால் ஜீப் சத்தம் கேட்டால் இருவரும் பாதையோரம் ஒதுங்கி நின்றுவிடுவோம். வீட்டுக்கு வந்ததும் பாட்டில் அரிசி டின்னுக்குள் போய்விடும்.

பெர்மிட் அவர் ஒருவர் குடிப்பதற்கு மட்டும்தான். சேர்த்து வைத்து ஊருக்கு ஊற்றினால் குற்றம். அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "அண்ணே, இந்தச் சோலி நமக்கு வேணுமா? வேற எடம் பாத்துக்கலாமே?"

"நல்ல பையன். விடக்கூடாது" என்பார் மாமா.

வரவேற்பை ஒரு வாடகை பங்களாவின் கூடத்தில் வைத்தோம். மூலையில் ஒரு திரை, அதன் பின்னால் மேசை, ஐந்து பாட்டில்கள், இரவல் வாங்கிய கண்ணாடி டம்ளர்கள். துரைமார் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய்ச் சிவந்த முகத்தோடு வெளியே வந்தார்கள். சம்பந்திக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது. காக்கி உடுப்பில் ஓர் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார்.

"பொண்ணுக்கு மாமா யாருங்க?"

மாமா முன்னால் போனார். அவர் காது நுனி வெளுத்திருந்தது. அம்மா என் தோளை அழுத்திய இடம் மறுநாளும் வலித்தது.

"மாப்பிள்ளையோட அப்பாவும் நானும் ஒரே ஊருங்க" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். "டூட்டியில இருக்கேன், வெரசாப் போகணும். பிள்ளைகளைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

மணமக்களிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். ஒரு வாய் காப்பி குடித்தார். போய்விட்டார்.

மாமா மெதுவாகத் திரைக்குப் பின்னால் போனார். நானும் போனேன். மேசையில் கையை ஊன்றி நின்றார். மேசையே ஆடி, டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. யாருக்கோ ஊற்றி வைத்திருந்த டம்ளரை எடுத்து, விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினார்.

"ஒண்ணுமில்ல ஆத்தா. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிருச்சு."

கொஞ்ச நேரத்தில் மேசை அசையாமல் நின்றது. மாமா சிரித்தார். ஐந்து மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கூடத்துக்குப் போய் அக்காவின் தலையில் கை வைத்து, துரைமாரே திரும்பிப் பார்க்கும்படி உரக்க ஆசீர்வதித்தார். மாமாவுக்குச் சரியாகிவிட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா தாண்டிக்குடிக்குப் போய்விட்டாள். அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை மாமா ரெக்ஸின் பையை எடுத்தார்.

"அதான் கல்யாணம் முடிஞ்சிருச்சே, அண்ணே?" என்றாள் அம்மா.

"பெர்மிட்டு இன்னும் ஏழு மாசத்துக்குக் கெடக்கு. திடீர்னு நிப்பாட்டினா ஆபீசுல சந்தேகப்படுவாங்க."

சரியான பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். மாமா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால் வந்த ஜீப்புக்கு ஒதுங்கக்கூட இல்லை.

இனிமேல் போலீசுக்குப் பயமில்லை, மாமாவும் சந்தோஷமாக இருக்கிறார். பிறகு எதற்காக அம்மா அரிசி டின்னின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.