கிணற்றுக்கு ஒரு கெளுத்தி

1957 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகால். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகும் வழியில், வயல் வாய்க்காலில், மண்புழு கோத்த என் தூண்டிலில் ஒரு கெளுத்தி மாட்டியது. செவுளோரத்து முள் குத்திவிடுமோ என்று பயந்து, துண்டைச் சுற்றிப் பிடித்து, வாய்க்கால் தண்ணீர் நிரப்பிய பிஸ்கட் டின்னில் உயிரோடு விட்டேன்.

அதைக் கறிக்காகப் பிடிக்கவில்லை. நாங்கள் குடியிருந்த காஜா பெராங் பகுதியில், எங்கள் வீட்டுக் கிணற்றில் கொசுப்புழு நெளிந்தது. ஒரு வாளியில் பதினேழு எண்ணினேன். கைக்குழந்தைக்கு அதற்குள் இரண்டு முறை காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாவதைத் தாங்குமா என்ற கவலையில் எனக்குத் தூக்கமில்லை. கிணற்றில் கெளுத்தி விட்டால் புழுவைத் தின்றுவிடும் என்றார் பக்கத்து வீட்டு மலாய்க்காரர். அவர் கிணற்றிலும் ஒன்று இருந்தது.

நான் மீனைக் கிணற்றில் விட்டதும் என் மனைவி குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏங்க, மீன் கெடக்கிற தண்ணியிலயா சாமி வெளக்கு கழுவறது?”

“ஏன், கோயில் குளத்துல மீன் இல்லியா?”

“அது சாமி குளத்து மீனு. இது நீங்க டின்னுல தூக்கியாந்த மீனு.” பிறகு தொட்டிலைப் பார்த்தாள். “சரி, புள்ளைக்காக இருந்துட்டுப் போகட்டும். சாமிக்கு வேற தண்ணி கொண்டாங்க.”

புழு குறைந்தது. குழந்தைக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லை. சாமிக்கு மட்டும் தெருக்குழாயிலிருந்து தினமும் நான் நீர் சுமந்தேன். மீனுக்குச் செலவே இல்லை. அந்த நீருக்கென்று வாங்கிய பித்தளைக் குடம்தான் ஆறு வெள்ளி நாற்பது காசு.