அளவு சட்டை

தையற்கடைக்காரருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் அரை இஞ்சு. பழைய சட்டையை நீட்டி, "இதே அளவுல தைச்சிடுங்க" என்று யார் கேட்டாலும் அதைத் தொடமாட்டார். "இது அன்னைக்கு இருந்த நீங்க. இன்னைக்கு யாருன்னு டேப்பு சொல்லட்டும்" என்பார். எப்படியும் அரை இஞ்சு கூடியிருக்கும். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. திரும்பி வராதவர்கள் குறைவு.

சிகரெட்டைத் தொடாத அந்த மனிதருக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. வியாதி நியாயம் பார்த்தா வருகிறது? ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, அந்த வகைக்கென்றே ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை கேட்டது, தையல் மிஷினும் ஓடியது. பிறகு இருமல் திரும்பியது. ஸ்கேனில் கட்டி பெருத்திருந்தது.

"மறுபடி சதை எடுத்துப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

முதல் ஊசியில் நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து, விலாவில் குழாயோடு கிடந்தவர் அரை இஞ்சு. சூடு கண்ட பூனை. பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எல்லாம் இதுல இருக்கேம்மா. இதைப் பாத்தே வேற மருந்து எழுதிடுங்களேன்."

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டர், அளவு சட்டை கொண்டாந்திருக்காரு!"

டாக்டருக்கு விளங்கவில்லை. புருஷனின் கடைச் சட்டத்தை அவள் சொன்னதும் விளங்கிவிட்டது.

"அதேதாங்க. மாத்திரைக்குத் தப்பிச்சதுதான் இப்ப வளருது. எப்படி மாறியிருக்குன்னு பாக்காம மருந்து குடுத்தா குருட்டாம்போக்குதான்."

அரை இஞ்சுக்குப் பயம் போகவில்லை; அதன் தோளில் ஆவல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"எவ்வளவு எடுப்பீங்க?"

"நூல் துணுக்கு அளவு."

"பத்தலைன்னா?"

"மறுபடி எடுக்கணும்."

"அப்ப தாராளமாவே வெட்டுங்க."

ஊசி இம்முறை வம்பு செய்யவில்லை. பழைய மரபணு மாற்றத்தோடு புதிதாக இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பது தெரிந்தது. நல்லவேளை, அதற்கும் மாத்திரை இருந்தது.

"எல்லாருக்கும் இப்படி அமையாது. இது எவ்வளவு காலம் கேக்கும்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

"கேக்கலைன்னா?"

"திரும்ப அளவெடுப்போம்."

அன்று கடைக்கு வந்ததும், இளைத்துப்போன இடுப்பில் ஊக்குக் குத்தி நிறுத்தியிருந்த கால்சட்டையைக் குனிந்து பார்த்தார். பிடித்துத் தைக்கலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம், "என் அளவு எனக்குத் தெரியாதா?" என்று வாயை அடைத்தவர், டேப்பை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அவள் சுற்றிப் பிடித்து எண்ணைப் பார்த்தாள். சொல்லத் தயங்கினாள்.

"சும்மா சொல்லுடி."

"ரெண்டரை இஞ்சு குறைஞ்சிருக்கு."

"பாத்தியா, அந்த அரை இஞ்சு மட்டும் தப்பவே இல்லை" என்று சாக்கட்டியைத் தேடினார்.